புழக்கத்தில் கிடைக்கும் ரூபாய் நோட்டு: அருமையும் விலையும்

டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு கையில் இருந்தால் லட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்ற செய்தி சில ஆண்டுகளாக வாட்ஸ்ஆப்பிலும் யூடியூபிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணில் 786 வருகிற நோட்டு, மன்மோகன் சிங் கையெழுத்திட்ட ஒரு ரூபாய் நோட்டு, எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி உள்ள ஐந்நூறு ரூபாய் நோட்டு என்று பட்டியல் நீள்கிறது. இவையெல்லாம் வெறும் புரளி என்று ஒரேயடியாகத் தள்ளிவிடலாம்தான். ஆனால் அது முழு உண்மை ஆகாது. நோட்டுச் சேகரிப்புக்கென்று ஏல நிறுவனங்களும், விலை விவர நூல்களும், தரம் பார்த்துச் சான்று தரும் அமைப்புகளும் இருக்கின்றன. பெங்களூரில் ரெஸ்வான் ரஸாக் என்ற சேகரிப்பாளர் இந்தியக் காகிதப் பணத்துக்கென்றே அருங்காட்சியகம் நிறுவியிருக்கிறார். முகமதிப்பைப் போலப் பல நூறு மடங்கு விலைக்குப் போகிற நோட்டுகள் உண்டு. கடையில் மீதியாகவோ ஏடிஎம்மிலோ வந்த நோட்டு அந்த ரகத்தைச் சேர்ந்ததா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதே இங்கே கேள்வி. நோட்டு புழக்கத்தில் கைக்கு வந்தது என்பதே, அது அரிதானதல்ல என்பதற்கு முதல் சான்று. அந்தச் சான்றை மீற வேண்டுமானால், அதன் அருமை இதுவரை அதைத் தொட்ட கைகளுக்கும் எண்ணிய எந்திரங்களுக்கும் புலப்படாத ஏதோ ஒன்றில் இருக்க வேண்டும். ஊரறிந்த அடையாளம் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். இந்த எண்ணில் வேறு நோட்டே இல்லை, ஆகவே இது அரியது என்று சிலர் வாதிடுவார்கள். அப்படிப் பார்த்தால் சட்டைப்பையில் இருக்கிற எல்லா நோட்டும் அரியதுதான். இந்திய நோட்டில் முதலில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த முன்குறி வரும். அதன்பின் ஆறு இலக்க எண். ஒவ்வொரு முன்குறியிலும் 000001 தொடங்கிப் பத்து லட்சம் வரை நோட்டுகள் அச்சாகின்றன. பணமதிப்பு, வரிசை, முன்குறி, எண் எல்லாம் ஒன்றாகிற இரண்டு நோட்டு இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆக, தனித்தன்மை எல்லா நோட்டுக்கும் பொதுவானது. அருமை என்பது தனி நோட்டுக்கு உரிய குணமன்று. அது ஒரு வகைக்கு உரியது. எந்த வகை என்பதைச் சேகரிப்பவர்கள் கூட்டாக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். என் பிறந்த தேதி வருகிற நோட்டு எனக்கு ஒன்றுதான். ஆனால் அந்த வகையைத் தேடுகிறவனும் நான் ஒருவன்தான். வகையைக் குறுக்கிக்கொண்டே போனால் எதையும் அரியதாக்கிவிடலாம், குறுக்கக் குறுக்க வாங்குபவர்களும் குறைந்துகொண்டே போவார்கள். நோட்டு வியாபாரத்தில் நடக்கிற பேச்சு ஜாலங்களில் பாதி இந்த ஒரு சூட்சுமத்தில் அடங்கும்.

எண்ணை வைத்துச் சொல்லப்படுகிற அருமைக்கு ஒரு வசதி உண்டு: அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆறு இலக்க எண்ணில் 786 என்ற தொடர் நான்கு இடங்களில் அமையலாம். ஒவ்வோர் இடத்துக்கும் மற்ற மூன்று இலக்கங்கள் ஆயிரம் விதமாக வரும். 786786 என்ற எண் மட்டும் இரண்டு முறை எண்ணப்படுவதால் ஒன்றைக் கழித்தால், பத்து லட்சம் நோட்டில் 3,999 நோட்டுகளில் 786 இருக்கும். அதாவது 250 நோட்டுக்கு ஒன்று. நூறு நோட்டுக் கட்டு இரண்டரையைப் பிரித்தால் சராசரியாக ஒன்று சிக்கும். 2023 மார்ச் இறுதியில் நாட்டில் எல்லா மதிப்பிலுமாக ஏறத்தாழ 13,600 கோடி நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. அந்த விகிதப்படி 786 உள்ளவை மட்டும் 54 கோடிக்கு மேல். முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடிய எண் ஆயிரத்துக்கு ஒன்று. முதல் மூன்று இலக்கமே திரும்ப வருகிற எண்ணும் ஆயிரத்துக்கு ஒன்றுதான். 111111 போல ஆறு இலக்கமும் ஒன்றாக இருப்பது பத்து லட்சத்தில் ஒன்பது. இது நிஜமாகவே குறைவு. வங்கியில் நாள் முழுதும் நோட்டு எண்ணுகிற காசாளர் கண்ணில்கூட எளிதில் படாது. ஆனாலும் 13,600 கோடிக்குக் கணக்குப் போட்டால் அவையும் 12 லட்சத்தைத் தாண்டும். பிறந்த தேதி விஷயம் இன்னும் வேடிக்கை. நாள், மாதம், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் என்ற வரிசையில் ஏதாவதொரு தேதியாக வாசிக்கத்தக்க எண்கள் பத்து லட்சத்தில் 36,525 உண்டு. புழங்கிய நோட்டுகளில் யாரோ ஒருவரின் பிறந்தநாள் இல்லாத கட்டு கிடைப்பதே கடினம்.

786ஐப் புனிதமாக மதித்து வாங்குகிறவர் இருக்கும்போது அதற்கு விலை இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்த எண்ணை ‘பிஸ்மில்லா’ வாசகத்தின் எண்மதிப்பாகக் கருதிப் போற்றுகிறவர்கள் ஏராளம். மதம் கடந்து ராசியான எண் என்று பர்ஸில் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. விருப்பம் உண்மை, அதற்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் விருப்பத்தால் மட்டும் விலை ஏறிவிடாது. வேண்டியவருக்கு எளிதில் கிடைக்காதபோதுதான் ஏறும். 250க்கு ஒன்று கிடைக்கிற பொருளைத் தன் சம்பளப் பணத்திலேயே தேடி எடுத்துக்கொள்ளலாம். ஒரு சின்னக் கடையின் கல்லாவில் ஒரே நாளில் இரண்டு மூன்று தேறும். கேட்பவர் லட்சம் பேர் என்றாலும் கிடைப்பது கோடிகளில் என்றால், முகமதிப்புக்கு மேல் கொடுக்கிறவர் அன்புக்காகவோ அவசரத்துக்காகவோ கொடுக்கிறார் என்றுதான் பொருள். திருமண மொய்க்குப் புது ஒரு ரூபாய் நோட்டுக் கட்டை முகமதிப்புக்கு மேல் விலை கொடுத்து வாங்குவதும் அப்படித்தான். அந்தக் கூடுதல் பணம் தேடி எடுத்துத் தருகிற சிரமத்துக்கான கூலி. அதை நோட்டின் அருமை என்று எடுத்துக்கொண்டு பத்துக் கட்டு வாங்கி அடுக்கி வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கையெழுத்தை வைத்துச் சொல்லப்படுகிற அருமை இதைவிடச் சுவையானது, ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டை மத்திய அரசு வெளியிடுகிறது, நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுகிறார். மற்றவற்றில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். மன்மோகன் சிங் இரண்டு பதவியிலும் இருந்தவர். 1976 முதல் 1980 வரை நிதித்துறைச் செயலராகவும், 1982 முதல் 1985 வரை ஆளுநராகவும் இருந்தார். ஆகவே ஒரு ரூபாயிலும் அவர் கையெழுத்து உண்டு, நூறு ரூபாயிலும் உண்டு. பின்னாளில் பிரதமரானதால் அந்த நோட்டுகளுக்கு மவுசு வந்தது. ஆனால் அச்சடித்த காலத்தில் அவர் ஓர் அதிகாரி, நோட்டோ நாடு முழுக்க அன்றாடம் புழங்கிய சில்லறைப் பணம், அச்சானவை கோடிக்கணக்கில். கையெழுத்திட்டவரின் புகழ் பின்னாளில் கூடியதால் முன்னாளில் அச்சான நோட்டின் எண்ணிக்கை குறைந்துவிடாது. போதாக்குறைக்கு அவர் பிரதமரானதும் வீட்டில் கிடந்த நோட்டைச் செலவழிக்காமல் எடுத்து வைத்தவர்கள் பலர். புகழ் அந்த நோட்டை அழியாமல் காப்பாற்றியது என்பதுதான் நடந்தது.

சரி, பதவியில் இருந்த நாள் குறைவாக இருந்தால் கையெழுத்தும் அரிதாகும் அல்லவா? அதுவும் நேர்க்கணக்கு அல்ல. பி.என். அடார்கர் 1970இல் 42 நாட்களே ஆளுநராக இருந்தார். ஆனால் காந்தி நூற்றாண்டு நினைவு நோட்டுகளில் எல்.கே. ஜா கையெழுத்தோடு வந்தவைபோல அடார்கர் கையெழுத்தோடும் வந்தன. இன்றும் அவை சேகரிப்பாளர்களிடையே கைமாறுகின்றன. கே.ஜி. அம்பேகாவ்கர் 1957இல் 45 நாட்கள் ஆளுநராக இருந்தும் ரிசர்வ் வங்கி நோட்டில் அவர் கையெழுத்தே இல்லை. முன்பு நிதித்துறைச் செயலராகப் போட்ட கையெழுத்து ஒரு ரூபாய் நோட்டில் இருக்கிறது. நாற்காலியில் இருந்த நாட்களை எண்ணிப் பயனில்லை. அந்தக் கையெழுத்துள்ள அச்சுத்தகடு எவ்வளவு காலம் ஓடியது, எந்த மதிப்புக்கு, எந்த அச்சகத்தில் ஓடியது என்பதே கணக்கு. அதை ஊகத்தால் அறிய முடியாது. ரஸாக்கும் கிஷோர் ஜுன்ஜுன்வாலாவும் சேர்ந்து தொகுத்ததுபோன்ற விவர நூல்களைப் புரட்டித்தான் அறிய வேண்டும்.

பழையது, நிறுத்தப்பட்டது, செல்லாதது ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடுத்த பெரும் பிழை. டிராக்டர் ஐந்து ரூபாய் நோட்டு செல்லாமல் போகவில்லை. ஐந்து ரூபாய் நாணயம் வந்தபின் அச்சிடுவது நின்றது, அவ்வளவுதான். வயலில் டிராக்டர் ஓடுகிற அந்தப் படம் பல ஆளுநர்களின் காலத்தில் தொடர்ந்து வந்தது. ஒரு ரூபாய் நோட்டு 1917 நவம்பர் 30 அன்று முதலில் வெளியானது. 1926இல் நின்று, 1940இல் திரும்பி, 1994இல் மறுபடி நின்று, 2015இல் மறுபடி வந்தது. இந்த ஏற்ற இறக்கத்தில் 1917ஆம் ஆண்டு நோட்டும் 2017ஆம் ஆண்டு நோட்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், முன்னதற்குக் கிடைத்த ஏல விலையைப் பின்னதற்கு ஒட்டவைத்துப் பேசுவது சுலபமாகிவிடுகிறது. செய்தியில் வருகிற விலை பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. அது வேறொரு நோட்டின் விலையாக இருக்கும்.

செல்லாத நோட்டுக்கு மிகச் சிறந்த பாடம் 2016. நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது ஏறக்குறைய ரூ.15.42 லட்சம் கோடி மதிப்புள்ள அந்த நோட்டுகள் வெளியே இருந்தன. அவற்றில் ரூ.15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பியதாக ரிசர்வ் வங்கி 2018இல் கணக்குக் காட்டியது. 99.3 சதவீதம் திரும்பிவிட்டதென்றால் மிச்சம் அரிதாகத்தானே இருக்கும் என்று தோன்றும். சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். திரும்பாதது ரூ.10,720 கோடி. அவ்வளவும் ஆயிரம் ரூபாய் நோட்டுகள் என்றே வைத்துக்கொண்டாலும் பத்துக் கோடிக்கு மேல் நோட்டுகள். ஐந்நூறும் கலந்திருப்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும். சேகரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் நூறு நூறாகக் கொடுத்தாலும் தீராது. அதோடு சட்டச் சிக்கலும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் ஒருவர் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்திருக்கலாம். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம். 2023 மே 19 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டின் கதை வேறு. அது இன்னும் சட்டப்படி செல்லுபடியாகும் பணம். ரூ.3.56 லட்சம் கோடியில் 98 சதவீதம் திரும்பிவிட்டது. 2025 தொடக்கத்தில் வெளியே நின்றது ரூ.6,000 கோடிக்கு மேல், அதாவது மூன்று கோடி நோட்டுக்கு மேல்.

இவற்றோடு 1978ஐ ஒப்பிட்டால் உண்மையான அருமை எப்படி உண்டாகிறது என்பது விளங்கும். அந்த ஆண்டு ஜனவரி 16 அன்று ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் ஆக்கப்பட்டன. ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது தஞ்சைப் பெரிய கோயில். அன்று ஆயிரம் ரூபாய் என்பது பலருக்குப் பல மாதச் சம்பளம். தெருவில் போகிற பத்துப் பேரில் ஒருவர்கூட அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அச்சானதே கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி வங்கிக்குத் திரும்பியது, இவ்வளவு பெரிய தொகையை நினைவுக்காக எடுத்து வைக்கிற துணிவு யாருக்கு இருந்திருக்கும்? குறைவாக அச்சாவது, அதிகமாக அழிவது, யாரும் சேமிக்காதது ஆகிய மூன்றும் கூடி வந்ததால்தான் தஞ்சைக் கோயில் நோட்டு இன்று மதிப்புள்ளது. 2016இல் அந்த மூன்றில் ஒன்றும் முழுமையாக இல்லை. 1959இல் ஹஜ் பயணிகளுக்கென்று ஹெச்ஏ என்ற முன்குறியோடு அச்சிட்ட பத்து ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளும், அதே ஆண்டு வளைகுடா நாடுகளில் புழங்க இசட் முன்குறியோடு அச்சிட்ட நோட்டுகளும் இதே காரணத்தால்தான் விலை போகின்றன. அவை இந்தியாவுக்குள் செல்லாதவை. வெளியே போய், அங்கே செலவாகி, பின்பு திரும்பப் பெறப்பட்டு அழிந்தவை. அப்படிப்பட்ட நோட்டு தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்க வாய்ப்புண்டு. காய்கறிக் கடைக்காரர் கொடுக்கிற மீதியில் வர வாய்ப்பில்லை.

இங்கேதான் புழக்கத்தின் இயல்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நோட்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய், வங்கிக்கு வந்து, எந்திரத்தில் எண்ணப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகிறது. நல்லவை மறுபடி வெளியே போகின்றன. அழுக்கும் கிழிசலும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குப் போய்த் தூளாகின்றன. 2022-23 ஆண்டில் மட்டும் இப்படி அழிக்கப்பட்டவை 2,200 கோடி நோட்டுக்கு மேல். இந்தச் சல்லடை எதைத் தேடுகிறது? கள்ள நோட்டையும் அழுக்கையும் மட்டும். முன்குறியை அது பார்ப்பதில்லை. எண் பலகையின் பின்னணியில் மங்கலாகத் தெரிகிற ஆங்கில எழுத்தைப் பொருட்படுத்துவதில்லை. பின்பக்கத்தின் கீழ்விளிம்பில் பொடியாக அச்சிட்டிருக்கிற ஆண்டைப் படிப்பதில்லை. மனிதக் கைகளும் இவற்றைப் பார்ப்பதில்லை; அவை காந்தியையும் தொகையையும் பார்த்துவிட்டுக் கல்லாவில் போட்டுவிடும். ஆகவே புழக்கத்தில் அரிய நோட்டு தப்பிப் பிழைத்திருந்தால், அது இந்தப் பார்வைக்குப் படாத இடத்தில்தான் ஒளிந்திருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆளுநரின் கையெழுத்து, ஒரு குறிப்பிட்ட எழுத்து, ஒரு குறிப்பிட்ட ஆண்டு ஆகியவை சேர்ந்து வருவது சொற்பமாக இருக்கலாம். முன்குறியின் கடைசி நோட்டில் ஆறு இலக்கத்துக்குப் பதிலாக ஏழு இலக்கத்தில் 1000000 என்று இருக்கும். பத்து லட்சத்துக்கு ஒன்றுதான் என்றாலும், அவசரத்தில் யாரும் இலக்கங்களை எண்ணுவதில்லை.

நட்சத்திர நோட்டு, ஊரறிந்த அடையாளத்துக்கும் கண்ணில் படாத அருமைக்கும் நடுவில் நிற்கிறது. அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக அதே எண்ணில் இன்னொன்றை அச்சிடும் சிரமத்தைத் தவிர்க்க, 2006 முதல் முன்குறிக்கும் எண்ணுக்கும் இடையே நட்சத்திரம் போட்ட மாற்று நோட்டுகளைக் கட்டில் செருகும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. ஐந்நூறு ரூபாயில் நட்சத்திரம் 2016 டிசம்பரில்தான் வந்தது. 2023 ஜூலையில் இது கள்ள நோட்டு என்று வதந்தி பரவி, இல்லையென்று ரிசர்வ் வங்கி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே குறியைச் சிலர் கள்ள நோட்டின் அடையாளமாகவும் சிலர் அதிர்ஷ்டத்தின் அடையாளமாகவும் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் தவறு. நட்சத்திரம் என்ற பொது வகைக்குப் புழங்கிய நிலையில் பெரிய மதிப்பு இல்லை. அதற்குள் சில ஆண்டு, சில எழுத்து, சில கையெழுத்துச் சேர்க்கைகள் மட்டும் தேடப்படுகின்றன. அந்தச் சேர்க்கைகளை அறிந்தவர் நாட்டில் சில ஆயிரம் பேர் இருப்பார்களா என்பதே சந்தேகம். அதாவது இந்த அருமைக்கு விலை உண்டு, ஆனால் சந்தை ஒல்லியானது. விற்க வேண்டிய நாளில் அந்தக் குறிப்பிட்ட சேர்க்கையைத் தேடுகிற ஆள் கிடைக்க வேண்டும்.

அச்சுப் பிழை நோட்டு மட்டும் என் வாதத்துக்கு உண்மையான விதிவிலக்கு. அச்சகத்தின் சோதனையைத் தப்பி, நேராகப் புழக்கத்தில் விழுகிற அருமை அது. 2017 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஷியோப்பூர் மாவட்டத்து விவசாயிகள் வங்கியில் வாங்கிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் காந்தி படமே இல்லை. முதலில் கள்ள நோட்டு என்று பதறினார்கள். அச்சில் விடுபட்டது என்று பிறகு தெரிந்தது. இங்கேதான் போலியும் அதிகம் நுழைகிறது, ஏனென்றால் நல்ல நோட்டில் மையை அழிப்பது கள்ள நோட்டு அடிப்பதைவிடச் சுலபம். பிழை உண்மையா என்று அறிய, அது எப்படி நேர்ந்திருக்கும் என்று அச்சின் வரிசையைக் கொண்டு விளக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் பெரிய தாளில் பின்னணி நிறங்கள், அதன்மேல் விரலால் தடவினால் மேடாக உணரப்படுகிற அச்சு, அதற்குப் பின் எண், கடைசியில் வெட்டு. தாளின் மூலை மடிந்த நிலையில் அச்சுக்குள் போயிருந்தால், நோட்டில் ஒரு முக்கோணம் வெறுமையாக இருக்கும். அந்த மூலையில் விழ வேண்டிய முன்பக்க அச்சு, மடிந்த பகுதியின் பின்பக்கத்தில் விழுந்திருக்க வேண்டும். பழைய மடிப்புத் தடத்தின்படி திரும்ப மடித்துப் பார்த்தால் கோடுகள் இம்மி பிசகாமல் பொருந்தும். பொருந்தவில்லை என்றாலோ, வெறுமையாகக் கிடக்கிற இடத்தின் அச்சு எங்கேயும் விழாமல் மாயமாகிவிட்டாலோ, யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள். எண் இல்லாத நோட்டைப் புறஊதா விளக்கில் காட்டலாம்; எண் ஒளிரும் மையால் அச்சிடப்படுவது, சுரண்டினாலும் மிச்சம் காட்டிக்கொடுக்கும். ரசாயனத்தில் ஊறிய தாளோ சோப்புத் தூளில் துவைத்த தாளோ அதே விளக்கில் நீலமாகப் பளிச்சிடும். நல்ல நோட்டுத் தாள் மந்தமாகவே இருக்கும். காந்தி முகம் அழிந்து போன இடத்தில் விரலை வைத்தால் அச்சின் அழுத்தம் இன்னும் தாளில் நிற்கிறதா என்றும் பார்க்கலாம். நின்றால், அங்கே மை இருந்து எடுக்கப்பட்டது என்று அர்த்தம். மை கசிந்தது, எண் அரை மில்லிமீட்டர் தாழ்ந்தது, ஓரம் ஒரு பக்கம் அகன்றது போன்றவற்றை எல்லாம் பிழை என்று தூக்கிக்கொண்டு அலைவதில் பயனில்லை. அச்சகம் அனுமதிக்கிற தள்ளாட்டத்துக்குள் அடங்குபவை அவை.

வகை சரியாக இருந்தாலும் நிலை சரியில்லை என்றால் விலை சரிந்துவிடும். சேகரிப்பாளர் கேட்பது சலவை நோட்டு. மடிப்பு விழாத, முனை மழுங்காத, மை மங்காத தாள். புழக்கத்தில் கிடைக்கிற நோட்டு என்பதன் பொருளே அது சலவை நோட்டு அல்ல என்பதுதான். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலே மேல்தரம் போய்விடும். பர்ஸில் நாலாக மடிந்து ஒரு மாதம் இருந்த நோட்டு தரவரிசையில் பல படி கீழே இறங்கிவிடும். இந்திய நோட்டுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. வங்கிகள் நூறு நோட்டைக் கம்பி பின் அடித்துக் கட்டுகிற வழக்கம் 2001 நவம்பரில் ரிசர்வ் வங்கி தடுக்கும்வரை இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய நோட்டில் இடது ஓரத்தில் பின் துளை இருப்பதைச் சேகரிப்பாளர்கள் பெரும் குறையாகக் கொள்வதில்லை. துளையே இல்லாவிட்டால் அதிக விலை கொடுக்கிறார்கள். 2010க்குப் பின் அச்சான நோட்டில் பின் துளை இருந்தால் அது வெறும் ஓட்டைதான். கிடைத்த நோட்டை இஸ்திரி போடுவது, தண்ணீரில் அலசுவது, செல்லோடேப் ஒட்டுவது, லாமினேட் செய்வது எல்லாம் இருக்கிற கொஞ்ச மதிப்பையும் கெடுக்கும். வயதையும் வகையையும்விட நிலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்டால், பழைய சாதாரண நோட்டில் குறைவாக மிஞ்சியிருப்பது அந்த நிலை மட்டுமே. கசங்கியவை ஏராளம். அப்படியே மிஞ்சிய நல்லவையும் யாருடைய பர்ஸிலிருந்தும் வரவில்லை. பல ஆண்டுக்கு முன் கட்டோடு வாங்கி வைத்த வியாபாரிகளின் பீரோவிலிருந்து வருகின்றன.

இவ்வளவு சொன்ன பிறகும் இணையத்தில் இதே நோட்டு மூன்று லட்சத்துக்குப் போட்டிருக்கிறதே என்று எடுத்துக்காட்டுகிறவர் இருப்பார். விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. யாரும் எதற்கும் எந்தத் தொகையும் எழுதி வைக்கலாம். வாங்காமல் கிடப்பதால்தான் அந்த விளம்பரம் நம் கண்ணில் படுகிறது, நியாய விலைக்குப் போட்டது விற்றுப்போய்ப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆதாரமாகக் கொள்ளத்தக்கது நடந்து முடிந்த ஏலங்களில் விழுந்த விலை. அதுவும் அதே வகைக்கு, அதே நிலைக்கு, ஒருமுறைக்கு மேல் விழுந்திருக்க வேண்டும். இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிய ஒற்றை விலையை வைத்து மூன்றாமவர் கணக்குப் போடக் கூடாது. விலை நூலில் உள்ள தொகையும் பெரும்பாலும் வாங்குபவர் கொடுப்பது. வியாபாரியிடம் விற்கப் போனால் அவர் லாபத்தையும், நோட்டு விற்காமல் கிடக்கப்போகிற காலத்தையும் கழித்துத்தான் தருவார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

காத்திருந்தால் ஏறும் என்ற கடைசி வாதத்துக்கும் கணக்கே பதில். 1985இல் ஆர்.என். மல்ஹோத்ரா கையெழுத்திட்ட நூறு ரூபாய் நோட்டை ஒருவர் எடுத்து வைத்தார் என்று கொள்வோம். அதையே ஆண்டுக்கு எட்டு சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால் நாற்பது ஆண்டில் சுமார் ரூ.2,170 ஆகியிருக்கும். அந்த ரக நோட்டு ஏராளமாக இருக்கிறது. மடிந்து கசங்கிய நிலையில் அந்த விலைக்கு அருகில்கூடப் போகாது. நோட்டு மற்ற பழம்பொருளைப் போல அல்ல. அது பணமாகவும் இருக்கிறது, ஆகவே பெட்டியில் கிடக்கிற ஒவ்வோர் ஆண்டும் அதன் வாங்கும் சக்தி தேய்ந்துகொண்டே வருகிறது. இந்தத் தேய்மானத்தை முந்துகிற அளவுக்கு அருமை ஏறினால்தான் லாபம். பொழுதுபோக்காகச் சேர்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. ஒரே மதிப்பில் எல்லா ஆளுநர் கையெழுத்தையும், எண்ணின் பின்னணியில் வருகிற எல்லா எழுத்தையும் முகமதிப்பிலேயே தேடிச் சேர்ப்பது மலிவான, அறிவுள்ள பொழுதுபோக்கு. முதலீடு என்று சொல்லி விற்கிறவர்களோடுதான் எனக்குத் தகராறு.

சந்தேகம் தருகிற நோட்டு கிடைத்தால் அதை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்கு நடுவில் வைத்துவிட்டு, கையெழுத்து, முன்குறி, எழுத்து, ஆண்டு ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, விவர நூலிலும் நடந்து முடிந்த ஏலங்களிலும் தேடிப் பாருங்கள். சேகரிப்பாளர் சங்கம் நடத்துகிற கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். போட்டோவைப் பார்த்தே லட்சக்கணக்கில் விலை பேசி, பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, கமிஷன், ரிசர்வ் வங்கி அனுமதி என்று முன்பணம் கேட்பவருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்குக் கட்டணம் வாங்க யாருக்கும் அதிகாரம் கொடுத்ததும் இல்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. அப்படிப் பணம் கேட்டு யாராவது அழைத்தால், அல்லது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், தாமதிக்காமல் இணையக் குற்றத் தடுப்பு உதவி எண் 1930ஐ அழைத்துப் புகார் கொடுங்கள்.